சுண்ணாம்புக்கு அடியில் எழுத்து

கோயில் கல்வெட்டு படிக்கப் போகிறவர்களைக் கேட்டால் இரண்டு தொல்லைகளைச் சொல்வார்கள். முதல் தொல்லை திருப்பணி. சுவரைப் பிரிக்கும்போது கல்லுக்குக் கல் எண் எழுதி வைத்தால் பிழைத்தோம். வைக்காவிட்டால், திரும்ப அடுக்கும்போது ஏதோ ஒரு சோழன் காலத்து நிலக்கொடையின் நடுவரி போய், முந்நூறு ஆண்டு பிந்திய வேறொரு சாசனத்துக்கு நடுவே உட்கார்ந்துவிடும். படித்துக்கொண்டே வருகிறவர் தலையும் காலும் இல்லாத வாக்கியத்தில் முட்டிக்கொண்டு நிற்பார். இரண்டாவது தொல்லை சுண்ணாம்பு. கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் அடித்த வெள்ளை, எழுத்தின் பள்ளங்களை நிரப்பி மூடிவிடும். எழுத்து அழிந்திருக்காது. கல்லில் அப்படியே இருக்கும். படிக்கத்தான் முடியாது.

திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலில் சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார், நாயக்கர் என்று பலர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990இல் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, கால் கடுக்க அந்தச் சுவரோரம் சாய்கிற பக்தரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிற எழுத்து அது. அந்த முதுகுக்கு உள்ளேயும், ஒவ்வொரு செல்லிலும், இதே இரண்டு சங்கதிகள் உண்டு. இடம் மாறி வந்து உட்கார்ந்த எழுத்து ஒன்று, அதன்மேல் பூசிய சுண்ணாம்பு ஒன்று. இந்த அத்தியாயம் சுண்ணாம்பைப் பற்றியது.

முதலில் எழுத்து எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். மனித மரபணுத்தொகை சுமார் 310 கோடி எழுத்து நீளம். புரதம் செய்வதற்கான குறிப்பு அதில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம்தான். கிட்டத்தட்ட பாதி, எப்போதோ தாவி வந்து உட்கார்ந்த துண்டுகளும் அவற்றின் சிதிலங்களும். பெரிய குடும்பம் லைன்-1: ஐந்து லட்சம் பிரதிகள், மொத்த எழுத்தில் 17 சதவீதம். அலு என்கிற குட்டைத் துண்டு பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல். அது ஒரு பத்து சதவீதம். நம் மூதாதை உயிரினங்களைத் தொற்றி, கருவணுவுக்குள் நுழைந்து, அங்கேயே தங்கிப்போன ரெட்ரோவைரஸ்களின் மிச்சம் எட்டு சதவீதம்.

மரபணு இடம்விட்டு இடம் தாவும் என்று முதலில் கண்டவர் பார்பரா மெக்ளின்டாக். அமெரிக்காவில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில், 1940களில், மக்காச்சோள மணிகளின் நிறத் திட்டுகளையும் குரோமோசோம் முறிவுகளையும் வைத்தே இதைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 81. தாவலைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. ஒரே துண்டு சில காலம் ஆடுவதும் சில காலம் அடங்கிக் கிடப்பதுமாக இருப்பதையும் குறித்துவைத்தார். தாவலுக்குக் கிடைத்த புகழ் இந்த அடக்கத்துக்குக் கிடைக்கவில்லை என்பது என் குறை. (சோளத்தோடு இது முடியவில்லை. திருவண்ணாமலை வட்டாரத்து மானாவாரிக் கொல்லைகளில் விளையும் மல்லாட்டையிலும், அதாவது நிலக்கடலையிலும், தாவும் துண்டுகள் உண்டு. தார்வாட் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தார் அவற்றை வைத்துத்தான் கடலை ரகங்களைப் பிரித்தறிகிறார்கள்.)

லைன்-1 தாவும் விதத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். முழுப் பிரதி 6,000 எழுத்து. அதில் இரண்டு புரதங்களுக்கான குறிப்பு இருக்கிறது. செல் அதை ஆர்.என்.ஏ.வாக நகலெடுத்து உட்கருவுக்கு வெளியே அனுப்பிவிட்டால் போதும். ரைபோசோமுக்கு நல்லது கெட்டது தெரியாது, மற்ற ஆர்.என்.ஏ.க்களைப் போலவே இதையும் படித்து அந்த இரண்டு புரதங்களையும் செய்து கொடுத்துவிடும். பிறந்த புரதங்கள் தம்மைப் பெற்ற அதே இழையின்மேல் ஏறி ஒட்டிக்கொண்டு உட்கருவுக்குள் திரும்பும். இரண்டாவது புரதத்துக்கு இரண்டு வேலை. ‘டி’ எழுத்து வரிசையாக வந்து ‘ஏ’ தொடங்குகிற இடமாகப் பார்த்து, டி.என்.ஏ.வின் ஓர் இழையை வெட்டும். வெட்டிய முனையில் நிற்கும் ‘டி’கள், லைன்-1 ஆர்.என்.ஏ.வின் வாலில் நீளமாகத் தொங்கும் ‘ஏ’களோடு ஜோடி சேரும். அந்த இடத்திலிருந்து, ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதத் தொடங்கும். பாடப்புத்தகத்தில் படித்த திசைக்கு நேர் எதிர். வாலில் தொடங்கித் தலையை நோக்கி எழுதுவதால் பாதியில் நின்றுபோவது சகஜம். ஐந்து லட்சம் பிரதிகளில் பெரும்பாலானவை தலையில்லாத முண்டங்களாகக் கிடப்பது இதனால்தான்.

கல் ஒப்புமை இங்கே கொஞ்சம் நொண்டும். கோயிலில் ஒரு கல் இங்கே வந்தால் அங்கே இருக்காது. லைன்-1 மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். நகல் மட்டும் புது இடத்தில் போய்ப் பொருந்தும். அதனால்தான் எண்ணிக்கை லட்சத்தில் போகிறது.

அலுவின் கதை இன்னும் வேடிக்கை. 300 எழுத்துதான். சொந்தமாக ஒரு புரதம்கூடச் செய்யாது. லைன்-1 பாடுபட்டுச் செய்த வெட்டும் கருவியை, எழுதும் கருவியை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதை. அப்படியே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

உயிரோடு இருப்பவை கொஞ்சம். ஒரு மனிதரிடம் இன்றும் தாவும் திறன் உள்ள லைன்-1 பிரதிகள் 80 முதல் 100 வரை. அதிலும் பெரும்பங்கு ஆட்டம் போடுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெற்றோரிடம் இல்லாத புது அலு ஒன்று, ஏறக்குறைய நாற்பது பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் குழந்தையிடம் தோன்றுகிறது என்பது அண்மைய மதிப்பீடு. கிரிவலப் பாதையில் ஒரு லட்சம் பேர் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அவர்களில் சுமார் 2,500 பேர் தம் தாய்தந்தை இருவரிடமும் இல்லாத ஓர் அலுவைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் ஆவதுமில்லை.

ஒருமுறை உட்கார்ந்த அலு சுத்தமாகப் பெயர்ந்து போவது மிக அபூர்வம். ஆகவே இரண்டு பேரிடம் ஒரே இடத்தில் ஒரே அலு இருந்தால், அவர்களுக்கு எங்கோ ஒரு பொது மூதாதை இருந்தார் என்று துணிந்து சொல்லலாம். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பார்த்தா மஜும்தாரோடு சேர்ந்து, 2000களின் தொடக்கத்தில் தென்னிந்தியப் பழங்குடியினரின் உறவுமுறைகளை ஆராய இந்த வகைக் குறிகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஓர் அலுவோடு தொடர்பு உண்டு. எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் முடக்குகிற ஏ.சி.இ. என்ற நொதியின் மரபணுவுக்குள் 287 எழுத்து அலு ஒன்று சிலருக்கு இருக்கிறது, சிலருக்கு இல்லை. இரண்டு பிரதியிலும் இல்லாதவர்களின் ரத்தத்தில் அந்த நொதி கூடுதல்.

கெட்ட இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை 1988இல் பால்டிமோரில் ஹெய்க் கசாசியன் காட்டினார். ஹீமோபிலியா உள்ள 240 பேரின் டி.என்.ஏ.வை அவருடைய குழு பார்த்தது. அடிபட்டால் ரத்தம் உறையாத நோய். முட்டிக்குள் கசிந்து மூட்டையே கெடுத்துவிடும். ஃபேக்டர் 8 என்ற புரதம் இல்லாததால் வருவது. 240 பேரில் இருவருடைய ஃபேக்டர் 8 மரபணுவின் நடுவில் லைன்-1 துண்டு கிடந்தது. அவர்களுடைய தாய்மாரிடம் அது இல்லை. மனிதரில் லைன்-1 இன்றும் தாவுகிறது என்பதற்கு முதல் நேரடிச் சாட்சி அதுதான். கசாசியன் குழு விடவில்லை. இருவரில் ஒருவருக்கு வந்த துண்டின் மூலப் பிரதியைத் தேடிப் போய், அது 22ஆம் குரோமோசோமில் குடியிருப்பதை 1991இல் கண்டுபிடித்தது.

இனிதான் கேள்வி. நூறு பிரதிகள் உயிரோடு இருக்கின்றன. உடம்பில் பல லட்சம் கோடி செல்கள். இத்தனை இருந்தும் ஏன் இவ்வளவு அமைதி?

முதல் காரணம் நிஜமாகவே ஒரு பூச்சு. டி.என்.ஏ.வில் ‘சி’யை அடுத்து ‘ஜி’ வரும் இடங்களில், அந்த ‘சி’யின் மேல் மெத்தில் என்ற சிறு வேதித்தொகுதியைச் செல் ஒட்டிவைக்கிறது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். லைன்-1இன் தலைப்பகுதியில், அதாவது நகலெடுப்பு தொடங்க வேண்டிய இடத்தில், இந்த ‘சி-ஜி’ ஜோடிகள் மண்டிக் கிடக்கின்றன. அவற்றில் மெத்தில் ஏறிவிட்டால் நகலெடுக்கும் நொதி அங்கே தொடங்காது. எழுத்து மாறவில்லை. சுண்ணாம்பு ஏறிவிட்டது.

பூச்சு தானாக நிலைப்பதில்லை. செல் பிரியும்போது டி.என்.ஏ. இரண்டாகும். பழைய இழையில் மெத்தில் இருக்கும், புது இழை வெறுமையாக இருக்கும். டி.என்.எம்.டி-1 என்ற நொதி பின்னாலேயே வந்து, பழையதில் எங்கெங்கே இருக்கிறதோ அங்கங்கே புதியதிலும் ஒட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு பிரிவிலும் இந்த வேலை நடந்தாக வேண்டும். பூச்சே இல்லாமல் போனால் என்ன ஆகும்? டெபோரா பூர்கிஸ், டிமோதி பெஸ்டர் இருவரும் 2004இல் வெளியிட்ட எலி ஆய்வு பதில் சொன்னது. விந்து உண்டாக்கும் செல்களில் மெத்தில் பூச உதவும் ஒரு மரபணுவை நீக்கினார்கள். லைன்-1கள் விழித்துக்கொண்டன, குரோமோசோம்கள் ஜோடி சேரும் கட்டத்தில் எல்லாம் குழம்பி, அந்தச் செல்கள் செத்துப்போயின, எலி மலடானது. மெத்தில் பூச்சின் தலையாய வேலையே இந்தத் தாவும் துண்டுகளை அடக்குவதுதான் என்று பெஸ்டர் 1997லேயே வாதிட்டிருந்தார். அப்போது பலருக்கு அது மிகையாகப் பட்டது.

ஆனால் இந்தப் பூச்சில் பெரிய ஓட்டை இருக்கிறது. கருத்தரித்த சில நாட்களுக்குள், தாய்தந்தையிடமிருந்து வந்த மெத்திலில் பெரும்பகுதியைக் கரு தானே சுரண்டி எடுத்துவிடுகிறது. பிறகு அந்தக் கருவுக்குள் அடுத்த தலைமுறைக்கான விந்தும் முட்டையும் ஆகப்போகும் செல்கள் உருவாகும்போது இன்னொரு முறை சுரண்டல். எந்தச் செல்லாகவும் ஆகக்கூடிய புதுப் பலகை வேண்டுமென்றால் பழைய பூச்சு போயாக வேண்டும். தாவினால் நேரே சந்ததிக்குப் போகக்கூடிய செல்களிலேயே, அதுவும் எல்லாம் தொடங்குகிற நேரத்தில், சுவர் வெறும் கல்லாக நிற்கிறது.

இந்த இடைவெளியில் ஒவ்வொரு துண்டையும் பார்த்து அடையாளம் கண்டு சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆட்கள் ஒருவர் இருவரல்லர், சுமார் 350 பேர். விரல் போன்ற மடிப்புகளைத் துத்தநாக அணு பிடித்து வைத்திருப்பதால் துத்தநாக விரல் புரதங்கள் என்று பெயர். விரல்கள் டி.என்.ஏ.வைத் தடவி ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரை மட்டும் கண்டுகொள்ளும். கண்டதும் ட்ரிம்-28 என்ற கூட்டாளியைக் கூப்பிடும், அது வேறு நொதிகளைக் கூப்பிடும், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் உருளைகளில் குறி வைத்து, அந்தப் பகுதியை இறுக்கிச் சுருட்டி மூடிவிடுவார்கள். பிற்பாடு மெத்திலும் அங்கே வந்து சேரும்.

இதைக் கண்டுபிடித்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் நகரில் டேவிட் ஹௌஸ்லரின் ஆய்வகம். எலியின் கருத் தண்டுச் செல்லுக்குள் மனிதனின் 11ஆம் குரோமோசோமை முழுதாக வைத்தார்கள். எலியிடம் எலிக்கான காவல் புரதங்கள்தான் இருக்கும். மனிதத் துண்டுகளை அதற்கு அடையாளம் தெரியாது. எதிர்பார்த்தபடியே நம் குரோமோசோமில் அடங்கிக் கிடந்த துண்டுகள் பல, அந்நிய வீட்டில் கண் விழித்தன. பிறகு குரங்கினத்தில் மட்டும் உள்ள விரல் புரதங்களை ஒவ்வொன்றாக அந்தச் செல்லுக்குள் விட்டுப் பார்த்தார்கள். இசட்.என்.எஃப்-91 வந்ததும் எஸ்.வி.ஏ. என்ற துண்டுகள் அடங்கின. இசட்.என்.எஃப்-93 வந்ததும் லைன்-1களில் ஒரு பகுதி அடங்கியது.

ஏன் ஒரு பகுதி மட்டும்? 2014இல் வந்த அவர்களுடைய கட்டுரையின் சுவையே அந்த விடையில்தான் இருக்கிறது. இசட்.என்.எஃப்-93 தடவிப் பார்க்கும் இடம் லைன்-1இன் தலைப்பகுதியில் 129 எழுத்துத் துண்டு ஒன்றுக்குள் இருக்கிறது. பழைய லைன்-1 வகைகளில் அந்த 129 எழுத்து இருக்கிறது. சுமார் 1.25 கோடி ஆண்டுகளுக்கு முன் எழுந்த புது வகையில் மட்டும் சரியாக அந்தத் துண்டு காணோம். தற்செயலாக அதை இழந்த ஒரு பிரதி, காவலரின் கண்ணுக்குத் தெரியாமல் போய், மற்றவை முடங்கிக் கிடக்கையில் தான் மட்டும் பெருகியது. இன்று நம் உடம்பில் தாவும் லைன்-1கள் அதன் பேரப்பிள்ளைகள். நம் மரபணுத்தொகையில் இத்தனை நூறு விரல் புரதங்கள் ஏன் என்ற கேள்விக்கும் இதே கதைதான் விடை. ஒவ்வொன்றும் எப்போதோ வந்த ஒரு படையெடுப்புக்கு முளைத்த பதில். படையெடுத்தது செத்துப் புழுதியான பிறகும் சில காவலர்கள் வேறு வேலைக்கு மாற்றலாகி இருந்துகொண்டிருக்கிறார்கள்.

விந்தகத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. 2006இல் நான்கு ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடித்தவை பிவி ஆர்.என்.ஏ.க்கள். சுமார் முப்பது எழுத்தளவே உள்ள இந்தத் துணுக்குகள், தமக்குப் பொருந்தும் தாவும் ஆர்.என்.ஏ.வைத் தேடிப் பிடித்து வெட்டும். வெட்டிய துண்டே அடுத்த துணுக்குக்கு மூலப்பொருள். துண்டு எவ்வளவு ஆடுகிறதோ, அதை வெட்டும் கத்தியும் அவ்வளவு பெருகும். இந்த வழி பழுதானால் ஆண்மலடு என்பதற்கு மனிதரிலும் சான்று கிடைத்துவிட்டது.

இதுவரை சொன்னவை எல்லாம் முன்பே அறிமுகமான துண்டை அடையாளம் காண்பவை. முன்பின் தெரியாத ஒன்று வந்தால்? கேம்பிரிட்ஜில் பால் லெஹ்னரின் ஆய்வகம் 2015இல் ஹஷ் என்ற மூன்று புரதக் கூட்டணியைக் கண்டுபிடித்தது. எழுத்துத் தொடரைப் பாராமலேயே அந்நியத் துண்டுகளை அது எப்படியோ அடக்கியது. எப்படி என்பது ஆறு ஆண்டு கழித்து அதே ஆய்வகத்தில் மார்த்தா செச்சின்ஸ்காவின் சோதனைகளில் தெரிந்தது. விடை என்னை எழுந்து உட்கார வைத்தது.

நம் மரபணுக்கள் பெரும்பாலும் ஒரே தொடராக இருப்பதில்லை. நடுநடுவே இன்ட்ரான் எனும் இடைச்செருகல்கள். மரபணுவை ஆர்.என்.ஏ.வாக எடுத்த பிறகு செல் அவற்றை வெட்டி எறிந்து மீதியை ஒட்டும். ஆகவே ஆர்.என்.ஏ.விலிருந்து திரும்ப டி.என்.ஏ.வாக எழுதப்பட்ட எதிலும் இன்ட்ரான் இருக்காது. லைன்-1இல் இல்லை. ரெட்ரோவைரஸ் எழுதிவைக்கும் பிரதியும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஹஷ் பார்ப்பது இதைத்தான். நீளமாக ஒன்று நகலெடுக்கப்படுகிறது, அதில் இன்ட்ரான் இல்லை என்றால், அது வெளியிலிருந்து வந்தது என்று முடிவு கட்டி மூடிவிடுகிறது. அதே துண்டுக்குள் ஆய்வாளர்கள் ஓர் இன்ட்ரானைச் செருகியதும் தொடாமல் விட்டுவிட்டது. நாற்பது வருடத்துக்கும் மேலாக, எதற்காக இந்த இடைச்செருகல் குப்பை என்று உயிரியலாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஆயிரம் பயன்கள் சொல்லியிருக்கிறார்கள். ‘இது நம்ம வீட்டுப் பிள்ளை’ என்று காட்டும் அடையாளம் என்பது யாரும் எதிர்பார்க்காத பயன்.

இத்தனையையும் தாண்டி ஒரு லைன்-1 ஆர்.என்.ஏ. வெளியே வந்துவிட்டால், அங்கும் ஆள் இருக்கிறது. இந்த இடத்தில் கதை திருவண்ணாமலையிலிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக 80 கிலோமீட்டர் வடக்கே, வேலூருக்குப் போகிறது.

1986 பிப்ரவரி. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்திருந்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். அங்கே ஜேக்கப் ஜானின் வைரஸ் ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அன்றுதான் தெரிந்தது.

எச்.ஐ.வி. ஒரு ரெட்ரோவைரஸ். ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதி நம் குரோமோசோமில் ஒட்டிக்கொள்ளும். லைன்-1 செய்கிற அதே வேலை. அதற்கு எதிராகச் செல்லிடம் இருக்கும் ஆயுதங்களை ஆராயப் போனவர்கள் கண்டவற்றில் பல, லைன்-1க்கும் எதிரானவை. அபோபெக்-3 என்ற குடும்பம் புதிதாக எழுதப்படும் டி.என்.ஏ.வில் எழுத்தைப் பிழையாக்கும். எலிக்கு அந்த மரபணு ஒன்றுதான், மனிதருக்கு ஏழு. சாம்-எச்.டி-1 என்ற புரதம் டி.என்.ஏ. எழுதத் தேவையான மூலப்பொருளையே தீர்த்துவிடும். ட்ரெக்ஸ்-1, உட்கருவுக்கு வெளியே சிதறிக் கிடக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைத் தின்று தீர்க்கும்.

கடைசி இரண்டில் ஒன்று பழுதான குழந்தைகள் இருக்கிறார்கள். பிரான்சில் ஜான் எகார்டி, பிரான்ஸ்வாஸ் கூத்தியே என்ற மருத்துவர்கள் 1984இல் விவரித்த நோய் அது. பிறந்த சில மாதங்களில் காய்ச்சல், மூளையில் சுண்ணச் சத்து படிவது, தண்டுவட நீரில் வெள்ளணுக்கள். கருவிலேயே வைரஸ் தொற்றியது போல எல்லாக் குறியும் இருக்கும். தேடினால் வைரஸ் மட்டும் இருக்காது. தன் செல்லில் கிடக்கும் தன் சொந்த டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. துணுக்குகளையே வைரஸ் என்று நினைத்து உடம்பு போர் தொடுக்கிறது. ஏடார்-1 என்ற நொதி பழுதானாலும் இதே நோய்தான். அலு துண்டுகளின் ஆர்.என்.ஏ.க்கள் ஒன்றோடொன்று பின்னி இரட்டை இழையானால் வைரஸ் மாதிரியே இருக்கும். அவற்றில் சில எழுத்துகளைத் திருத்தி ‘இது நம்முடையது’ என்று காட்டுவது அந்த நொதியின் வேலை.

2018இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், இந்தக் குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. மாத்திரைகளையே கொடுத்துப் பார்த்தார்கள்: சிடோவுடின், லாமிவுடின், அபகாவிர். ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. எழுதுவதைத் தடுக்கும் மருந்துகள். எச்.ஐ.வி. இல்லாத குழந்தைகளில், வைரஸ் எதிர்ப்பின் அடையாளமான இன்டர்ஃபெரான் அளவு இறங்கியது. வயதான எலிகளில் லைன்-1 விழித்துக்கொள்வதையும், லாமிவுடின் கொடுத்தால் அழற்சி குறைவதையும் அடுத்த ஆண்டில் இன்னொரு குழு காட்டியது. உடனே லாமிவுடின் வாங்கி இளமையைத் தக்கவைக்கலாம் என்று யாராவது வாட்ஸாப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். அந்த இடத்துக்கு அறிவியல் வரவில்லை.

அக்னித் தலமான திருவண்ணாமலையில் இருந்துகொண்டு வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறை. செல்லைச் சூடேற்றினால் அலு ஆர்.என்.ஏ. மளமளவென்று கூடும். டெல்லி ஐ.ஜி.ஐ.பி.யில் மிதாலி முகர்ஜியின் குழு 2011இல், வெப்ப அதிர்ச்சிக்குப் பதில் சொல்லும் புரதம் அலு துண்டுகளிலேயே வந்து ஒட்டுவதைக் காட்டியது. அதாவது சூட்டைச் சமாளிக்கும் வேலையில் அலுவுக்கும் ஒரு பங்கு கொடுத்தாகிவிட்டது. கத்திரி வெயிலில் வெறுங்காலோடு மலை சுற்றுகிறவருக்கு இது நடக்குமா என்றால், வெளியே 41 டிகிரி என்றாலும் வியர்வை உள்ளே 37ஐ ஒட்டியே வைத்திருக்கப் பார்க்கும். ஆய்வகத்துச் சூடு வேறு.

இப்படி வேலை கொடுத்து வைத்துக்கொண்டவை வேறு சிலவும் உண்டு. நோயெதிர்ப்பு செல்கள் தம் மரபணுவை வெட்டி ஒட்டிக் கோடிக்கணக்கான எதிர்ப்பொருள் செய்ய உதவும் ராக் நொதிகள், பழைய தாவும் துண்டு ஒன்றின் வெட்டுக் கருவி. நச்சுக்கொடியில் செல்களை ஒன்றாக இணைக்கும் சின்சிடின் புரதம், வைரஸ் ஒன்றின் உறைப் புரதம். இன்னும் வேலை தெரியாதவையும் உண்டு. வெட்டி ஒட்டும் திறன் இழக்காத தாப்-9 என்ற மனிதப் புரதத்தைக் காந்திநகர் ஐ.ஐ.டி.யில் ஷர்மிஷ்டா மஜும்தார் ஆராய்கிறார். செல் இந்த எழுத்துகளைச் செதுக்கி எறியாமல் பூசி வைத்திருப்பதால் கிடைத்த ஆதாயங்கள் இவை.

மறுபடி வேலூர். 2024 டிசம்பரில் சி.எம்.சி. மருத்துவர்கள் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கசாசியன் பார்த்த அதே ஹீமோபிலியா. கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஐந்து பேர். அவர்களுடைய ரத்தத் தண்டுச் செல்களை வெளியே எடுத்து, ஃபேக்டர் 8 மரபணுவை உள்ளே செலுத்தி, திரும்ப உடம்பில் ஏற்றினார்கள். மரபணுவைச் சுமந்து சென்றது, நோயுண்டாக்கும் பகுதிகளை நீக்கிய எச்.ஐ.வி. வழி வாகனம். 1986இல் மாதிரிகளை மஞ்சளாக்கிய வைரஸின் உறவுக்காரன், அதே மருத்துவமனையில் மருந்துப் புட்டியில் இருந்தது. ஐவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 81 மாதக் கண்காணிப்பு. செல்கள் நிலைபெற்ற பிறகு ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. அதுவரை ஃபேக்டர் ஊசியை நம்பியிருந்தவர்கள்.

மரபணு சிகிச்சை செய்கிறவர்களுக்கு இந்த அத்தியாயத்தில் வந்த அத்தனை காவலர்களும் தலைவலி. வாகனத்தில் இடம் குறைவு என்பதால் சிகிச்சை மரபணுக்களை இன்ட்ரான் நீக்கிச் சுருக்கித்தான் ஏற்றுவது வழக்கம். நீளமாக, இன்ட்ரான் இல்லாமல், வைரஸ் வழியாக வந்து உட்காரும் மரபணுவை ஹஷ் என்னவென்று நினைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முற்காலத்து ரெட்ரோவைரஸ் வாகனங்கள், தண்டுச் செல்களில் ஏறிய கொஞ்ச நாளில் ஊமையாகிப்போன அனுபவமும் துறையில் உண்டு. அதனால்தான் எந்த இடத்துத் தொடக்கப்பகுதியைக் கொடுப்பது, எந்த வகைச் செல்லில் மட்டும் பேச விடுவது என்று வருடக்கணக்கில் யோசிக்கிறார்கள். வேலூரில் மோனோசைட் வகை வெள்ளணுக்களில் இயங்கும் தொடக்கப்பகுதியைப் பூட்டினார்கள். அந்தத் தண்டுச் செல்கள் ஐவரின் எலும்பு மஜ்ஜையில் இன்னும் பல்லாண்டு பிரிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் டி.என்.எம்.டி-1 பின்னாலேயே வந்து, பழைய இழையில் மெத்தில் இருந்த இடத்தில் புது இழையிலும் ஒட்டும். புதிதாக வந்த ஃபேக்டர் 8இன் தலையில் ஒருமுறை மெத்தில் ஏறிவிட்டால், அதையும் அது லைன்-1க்குச் செய்கிற அதே அக்கறையோடு நகலெடுத்துக் கொடுக்கும். ஐவரின் ரத்தத்தில் ஃபேக்டர் அளவைத் தொடர்ந்து அளந்துகொண்டே இருப்பது இதற்காகவும்தான்.